தீ வேலை முடிந்து

பட்டறையில் எட்டு மணி நேரம்
நெருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன்.
வீட்டுக்கு வந்ததும் இன்னொன்றைப் பற்றவைக்கக்
கை போவதில்லை.
அது ஒரு காரணம்.
மற்றது, ஸ்டான்லியில் டாக்டரம்மா
சீட்டில் சிவப்பாய்ச் சுழித்துக் கொடுத்த எண்.

"இன்னா எத்திராஜி, கேஸு தீந்துபோச்சா?"
எதிர் பிளாக் ஜன்னலிலிருந்து கன்னியப்பன்.
பதினெட்டு மாதமாக அதே கேள்வி.
தீரவில்லை என்கிறேன்
வெள்ளரிக்காயைச் சீவிக்கொண்டே.

பச்சையாகத் தின்பது சுலபம் என்றிருந்தேன்.
நெருப்பு செய்கிற வேலையையெல்லாம்
தண்ணீர் செய்யவேண்டும் என்று அப்போது தெரியாது.
கொருக்குப்பேட்டையில் தண்ணீர்
லாரியில் வரும், வராது,
வந்தால் துருவின் நிறத்தில் வரும்.
கீரைக்கு மூன்று அலசல்.
முதலில் மண்.
இரண்டாவதில் ஒரு புழு,
அதைக் கொண்டுபோய்
பெயின்ட் டப்பாவில் வளரும் கற்பூரவல்லியில் விடுவேன்.
மூன்றாவது கேன் தண்ணீர்.
கீழே ஊற்ற மனசு வராது,
அதுவும் கற்பூரவல்லிக்கே.

பாசிப்பயறுதான் அதிகம் கேட்காது.
ஓர் இரவு ஊறல்,
ஒரு பகல் துணிக்குள் இருட்டு.
துணி, தேசம்மாவின் பழைய சேலைக் கிழிசல்.
காசிமேட்டில் பதினான்கு வருடம்
கூடைக்குப் பின்னால் உட்கார்ந்த சேலை.
சோப்பில் ஊறி, எலுமிச்சையில் தேய்ந்து,
மொட்டைமாடியில் மூன்று நாள் காய்ந்தும்
முகர்ந்தால் ஓரத்தில்
கொஞ்சம் வஞ்சிரம்.
பயறுக்கு அது தெரியாது.
வெள்ளை மூக்கை நீட்டிக்கொண்டு
அந்த வாசத்துக்குள்தான் கண் விழிக்கிறது.

"உன் சைவம் என் முந்தானையிலதான்யா மொளைக்குது"
என்றாள்.

அவள் சட்டியில் புளி கொதிக்கும்போது
ஜன்னலோரம் போய்த் தேங்காய் துருவுவேன்.
பொய் சொல்லக்கூடாது, எச்சில் ஊறும்.
முதல் மாதம் இரண்டு தடவை
அகப்பையால் ஒரு துண்டு எடுத்தேன்.
பார்த்தாள்.
கேட்கவில்லை. சட்டியை மூடவும் இல்லை.

இப்போது கடலையை ஊறவைத்துக்
கறுப்பு எள்ளோடு அரைக்கத் தெரியும்,
கேழ்வரகு முளையைப் பிழிந்து
பால் எடுக்கத் தெரியும்.
பீட்ரூட் நாளில் என் கையைப் பார்த்து
பையன் இரண்டு முறை அலறியிருக்கிறான்.
எந்தக் கீரையிலும் கிடைக்காத ஒரு சத்து
வாரம் ஒரு மாத்திரையாய் வருகிறது.
அதை விழுங்கும்போது மட்டும்
கன்னியப்பன் ஜன்னலைப் பார்ப்பதில்லை.

சித்திரை பிறந்ததும் தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கயிற்றில்.
ஏலக்கூடத்தில் பூனைகள் மட்டும்
வேலைக்கு வந்து உட்கார்ந்திருந்தன.
நாலாவது வாரம்
கவிழ்த்த கூடையைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள்
எனக்கெதிரே வந்து அரிவாள்மனையை இழுத்தாள்.
கேரட்டை வாலிலிருந்து தொடங்கினாள்,
செதிள் எடுப்பதுபோல் தோலைச் சுரண்டினாள்.
எனக்குக் கால் மணி ஆகிற வேலை
அவளுக்கு ரெண்டு நிமிடம்.

ஒரு வாய் போட்டாள்.
மென்றாள்.
மென்றுகொண்டே இருந்தாள்.
"மாடு மாதிரி அசைபோடணுமேய்யா."
பச்சை மிளகாய் கீறினாள்,
எலுமிச்சை ஒரு மூடி பிழிந்தாள்,
உப்பை என்னைக் கேட்காமலே போட்டாள்.
பிறகு எட்டி டப்பாவைத் திறந்து
வறுத்து வைத்திருந்த நெத்திலி நாலை
தன் தட்டில் மட்டும் நொறுக்கினாள்.
ஒரு தலை தெறித்து
இரண்டு தட்டுக்கும் நடுவில் விழுந்தது.
யாரும் எடுக்கவில்லை.
எறும்புகள் வரும்வரை அது
எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ராத்திரி மணலிப் பக்கம் வானம்
ஆரஞ்சாய் எரிந்தது.
அங்கே குழாய் உச்சியில்
எதை வேகவைக்கிறார்களோ, அணைப்பதே இல்லை.
எங்கள் அடுப்பு அன்றைக்கு முழுக்கக் குளிர்ந்திருந்தது,
அதன்மேல் பையன் நோட்டை வைத்திருந்தான்.

"நாளைக்கு வெந்தயம் கட்டிவைக்கட்டா?"
கேட்டுக்கொண்டே தேசம்மா
சேலையின் மிச்சப் பாதியைக் கிழித்தாள்.